ரோஜா, பச்சௌலி சென்ட்டை மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்து பாருங்கள்

ரோஜாவும் பச்சௌலி என்ற செடியின் எண்ணெயும் கலந்த ஒரு பெர்ஃப்யூமை முதல் தடவை கையில் அடித்துப் பார்ப்பவர்கள் பலரிடம் ஒரே மாதிரி நடப்பதைப் பார்க்கிறேன். அடித்த உடனே முகம் மலர்கிறது. இருபது நிமிடம் கழித்து "என்னங்க இது, பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கே" என்கிறார்கள், போய்க் கையைக் கழுவிவிட்டு வருகிறார்கள், அத்தோடு அந்த வகை சென்ட்டே தனக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருக்கும். ஏனென்றால் இந்த ஜோடியின் அருமையான பகுதி அந்தப் பெட்டி வாடை தணிந்த பிறகுதான் வருகிறது, அதுவரை காத்திருக்கச் சொல்லி யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. இரண்டு பொருளும் என்ன, ஏன் சேர்க்கிறார்கள், எப்படிப் போட்டுக்கொள்வது, எப்போது முகர்ந்து முடிவு செய்வது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ரோஜா. நம்மில் பலருக்கு ரோஜா மணம் என்றால் பன்னீர்தான். கல்யாண மண்டப வாசலில் செம்பிலிருந்து தெளிப்பார்களே அது, அப்புறம் ரோஸ் மில்க், ஊதுபத்தி, சோப்பு. இந்த மணத்தில் பெரும் பங்கு ஃபீனைல்எத்தில் ஆல்கஹால் என்ற ஒரே மூலக்கூறுக்குப் போய்ச் சேரும். அது தண்ணீரில் ஓரளவு கரையக்கூடியது. அதனால் இதழ்களை நீராவியில் வடிக்கும்போது எண்ணெயோடு நிற்காமல் பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடுகிறது, அந்தத் தண்ணீர்தான் பன்னீர். மேலே மிதக்கிற துளி எண்ணெயை ரோஸ் ஆட்டோ என்பார்கள், அதன் மணமே வேறு: எலுமிச்சைத் தோல், தேன், கொஞ்சம் கிராம்புக் காரம். பன்னீரை மட்டும் முகர்ந்து வளர்ந்த மூக்கு இதை முதலில் ரோஜா என்றே ஒப்புக்கொள்ளாமல் போகலாம், அதில் தப்பு ஒன்றும் இல்லை, இரண்டு நாள் பழகினால் புரிந்துவிடும்.

ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறக்குறைய 3,000 முதல் 5,000 கிலோ பூ வேண்டும். பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கு, துருக்கியின் இஸ்பார்ட்டா, சவூதியின் தாயிஃப், நம் உத்தரப்பிரதேசத்தின் கன்னௌஜ் என்று எங்கே போனாலும் வெயில் ஏறுவதற்குள் பறித்து முடித்துவிடுவார்கள், நேரம் ஆக ஆக மணம் காற்றோடு போய்விடும். இன்னொரு முறையில் கரைப்பான் ஊற்றி எடுப்பார்கள், அதற்கு அப்சல்யூட் என்று பெயர், அதில் அந்தப் பன்னீர் மூலக்கூறு தப்பிப் போவதில்லை, பாதிக்கும் மேல் அதுவாகவே இருக்கும், மணமும் ஜாம் மாதிரி கனமாக இருக்கும். இவ்வளவு விலை கொடுத்து எண்ணெய் வாங்கி நிறைய ஊற்ற எல்லாக் கம்பெனியாலும் முடியாது. அதனால் சீசாவில் இருக்கிற ரோஜா பெரும்பாலும் பல மூலக்கூறுகளைச் சேர்த்துக் கட்டிய ரோஜா, அதில் அசல் எண்ணெய் கொஞ்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை, நன்றாகக் கட்டிய ரோஜா நன்றாகவே மணக்கும்.

ஒரு மூலக்கூறின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்: டமாசினோன். பல்கேரிய ரோஜா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்து 1970-இல் வெளியில் சொன்னார்கள். எண்ணெயில் ஒரு சதவீதம்கூட இருக்காது, ஆனால் மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும் என்பதால் ரோஜாவின் குணத்தையே மாற்றிவிடுகிறது. வேகவைத்த ஆப்பிள், உலர்ந்த பிளம், கொஞ்சம் புகையிலை என்கிற மாதிரி ஒரு பழுத்த வாசம். ரோஜாவில் இருக்கிற இந்தப் பழுப்புப் பக்கம்தான் பச்சௌலியோடு கைகோக்கிறது.

இனி பச்சௌலி. புதினா, துளசி, கற்பூரவள்ளி எல்லாம் இருக்கிற அதே குடும்பத்துச் செடி, தாவரவியல் பெயர் போகோஸ்டெமோன் காப்ளின். உலகத்துக்கு வேண்டிய எண்ணெயில் மிகப் பெரும் பங்கு இந்தோனேசியாவிலிருந்து, முக்கியமாகச் சுலவேசி, சுமத்ரா தீவுகளிலிருந்து வருகிறது. ஆனால் பெயர் நம்முடையது. ஆங்கில அகராதிகளில் இந்தச் சொல்லுக்கு மூலம் தமிழ் என்றுதான் போட்டிருக்கும், பச்சை, இலை என்று பிரித்துச் சொல்பவர்களும் உண்டு. எனக்குப் பச்சிலை என்றே எழுத ஆசைதான், ஆனால் நம் பேச்சில் பச்சிலை என்றால் எந்த மூலிகையாகவும் இருக்கலாம் என்பதால் கடையில் கேட்க வேண்டிய பெயரையே இங்கே வைத்துக்கொள்கிறேன்.

பெட்டி வாடை என்று சொல்பவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க மடிப்புகளுக்கு நடுவே காய்ந்த பச்சௌலி இலையை வைத்து அனுப்பினார்கள், நாம் பீரோவில் அந்துருண்டை போடுகிற அதே காரணம். அங்கே வாங்கியவர்கள் அந்த வாசனை இருந்தால்தான் அசல் சால்வை என்று நம்பத் தொடங்க, ஐரோப்பாவிலேயே நெய்த நகல் சால்வைகளுக்கும் பச்சௌலி ஏற்றி விற்றார்கள். ஆக, பெட்டி, துணி, பழமை என்பதெல்லாம் இந்த வாசனையோடு ரொம்ப காலமாக ஒட்டிக்கொண்டே வருகிறது. 1960-களில் ஹிப்பி இளைஞர்கள் இதே எண்ணெயை அப்படியே பூசிக்கொண்டு திரிந்ததில் இன்னொரு முத்திரையும் விழுந்தது, மேல்நாட்டில் இன்றும் பலர் பச்சௌலி என்றால் முதலில் அவர்களைத்தான் நினைப்பார்கள்.

முகர்ந்தால் முதலில் ஏறுவது ஒரு கற்பூர நெடி. அது இறங்கியதும் மழை நனைத்த மண், ஈர மரம், பழைய புத்தக அலமாரி, கொஞ்சம் கோகோ. நாம் சொல்கிற மண் வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேறு ஒரு மூலக்கூறு, பச்சௌலியில் வேலை செய்வது பச்சௌலால் என்ற கனமான ஆளும் சிறிய அளவில் அதோடு வரும் சில கூட்டாளிகளும். இருந்தாலும் மூக்கு இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் வைக்கிறது. எண்ணெயின் தரமும் நிறைய மாறும். இலையைக் காயவைத்து மணிக்கணக்கில் வடிப்பார்கள், இரும்புப் பாத்திரத்தில் வடித்தால் எண்ணெய் கறுத்து உலோக வாடையும் ஏறும், துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் தெளிவாக வரும், வடித்து வைத்த எண்ணெய் வருடம் போகப் போக மென்மையாகும். இப்போது வரும் பல பெர்ஃப்யூம்களில் மண்ணும் கற்பூரமும் நீக்கிய, சலவை செய்த மாதிரியான பச்சௌலியைத்தான் போடுகிறார்கள். உங்களுக்குத் தெரியாமலே அதை நீங்கள் பலமுறை முகர்ந்திருப்பீர்கள்.

சரி, இந்த இரண்டையும் ஏன் சேர்க்க வேண்டும்? ஒரு சின்ன எடைக் கணக்கு. ரோஜாவின் முக்கிய மூலக்கூறுகளான ஜெரனியாலின் மூலக்கூறு எடை 154, சிட்ரோனெல்லால் 156, பன்னீர் மணத்துக்குக் காரணமான ஃபீனைல்எத்தில் ஆல்கஹால் 122. பச்சௌலால் 222. எடை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை, ஆனாலும் பொதுவாக லேசானது சீக்கிரம் பறக்கும், கனமானது தங்கும். ரோஜா எண்ணெயைத் தனியாகத் தோலில் தடவினால் நல்ல பகுதி சில மணி நேரத்தில் கிளம்பிவிடும். பக்கத்தில் கனமான ஒன்றை உட்கார வைத்தால் மொத்தக் கலவையும் மெதுவாக ஆவியாகும், ரோஜாவும் நின்று நிதானமாகப் போகும். கன்னௌஜ்காரர்கள் இதைப் பல தலைமுறையாகச் செய்துவருகிறார்கள்: செம்புப் பானையில் ரோஜாவைக் கொதிக்கவிட்டு, அந்த ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் இருக்கிற பாத்திரத்துக்குள் இறக்குவார்கள். சந்தனத்தின் சாண்டலால் எடை 220, பச்சௌலாலுக்குக் கிட்டத்தட்ட சமம். அரபு நாடுகளில் அந்த இடத்தில் ஊத், அதாவது அகில், வரும். சந்தனம் ரோஜாவைத் தாங்கும்போது பால் மாதிரி மிருதுவாக இருக்கும், தகராறு இல்லை. பச்சௌலி அப்படி விட்டுக்கொடுக்காது, அது ரோஜாவோடு பேச்சுக்குப் பேச்சு நிற்கும். செடியிலிருந்து பறித்துக் கையில் கொடுத்த பூவுக்கும், வேரும் ஈர மண்ணுமாக நிற்கிற செடிக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் சொல்வேன். ரோஜா இனிப்பாக வழியாமல் பார்த்துக்கொள்வது அந்த மண்தான்.

இப்போது கையில் அடிப்போம். குளித்துத் துடைத்த தோல், மேலே வாசனை பவுடரோ வாசனை லோஷனோ இருக்கக் கூடாது. தோல் ரொம்ப வறண்டிருந்தால் மணமில்லாத வாஸலின் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம். முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில் ஒரே ஒரு ஸ்ப்ரே, அரை அடி தள்ளிப் பிடித்து. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள், தேய்ப்பதால் மூலக்கூறு உடைந்துவிடும் என்பதெல்லாம் கட்டுக்கதை, ஆனால் சூடேறி முதல் பகுதி அவசரமாகப் பறந்துவிடும். அதே நேரம் ஒரு காகிதத் துண்டிலும் ஒரு ஸ்ப்ரே அடித்துத் தேதி, நேரம் எழுதி வேறு அறையில் வைத்துவிடுங்கள். காகிதத்தில் சூடும் எண்ணெய்ப் பசையும் இல்லை, அதனால் எல்லாம் மெதுவாக நடக்கும், தோலில் தவறவிட்டதைப் பிறகு போய் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஐந்து நிமிடம் எதையும் எடைபோடாதீர்கள். அப்போது வருவது ஆல்கஹால், எலுமிச்சை வகை, சில சமயம் ராஸ்பெரி மாதிரி பழம், கடையில் காசை எடுக்க வைப்பதற்கென்றே அமைந்த பகுதி. பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி வரை ரோஜா முழுசாக நிற்கும், கூடவே பச்சௌலியின் கற்பூர நெடி முட்டிக்கொண்டு மேலே வரும். இந்தக் கட்டத்தில்தான் பலர் கையைக் கழுவுகிறார்கள். தயவுசெய்து கழுவாதீர்கள், நெடி என்பது வாசனையின் வாசல் மட்டும், அது தணிய ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும். அப்புறம் மூன்றாவது மணி நேரத்தில் வேறு வேலையெல்லாம் பார்த்துவிட்டு வந்து முகருங்கள். நெடி போயிருக்கும், பச்சௌலி மரமும் கோகோவுமாக இறங்கியிருக்கும், டமாசினோன் கொண்டுவருகிற அந்தப் பழுத்த பிளம் வாசம் இரண்டுக்கும் நடுவில் பாலம் போட்டிருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ரோஜா இன்னும் இருக்கிறதா? எங்கே ரோஜா முடிந்து எங்கே பச்சௌலி தொடங்குகிறது என்று சொல்ல முடியாத அளவுக்குக் கலந்திருந்தால் அது நல்ல வேலை. ரோஜா சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டு ஒரு தட்டையான மர வாடை மட்டும் மிச்சம் இருந்தால், மேலே கொஞ்சம் பூவைத் தூவி விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாலில், நல்ல ஏசியில், காகிதத்தில் அடித்துக் கொடுத்ததைப் பத்து நிமிடம் முகர்ந்துவிட்டு முழு சீசாவை வாங்கிவிட்டேன். அவ்வளவு அழகான ரோஜா. மறுநாள் சித்திரை வெயிலில் நான்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் ஏறினேன், ஒரு மணி நேரத்தில் எனக்கே தலைவலி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதியத்துக்குள் ரோஜா சுத்தமாகக் காணவில்லை, புளித்த மரம் மட்டும் சட்டையைவிட்டுப் போகவே இல்லை. அந்த அம்மாவின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, நம் வாசனை இன்னொருவருக்கு உபத்திரவமாக இருக்கக் கூடாது என்பதை அதற்குப் பிறகு நான் மறந்ததே இல்லை.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு ஸ்ப்ரே, மிஞ்சிப்போனால் இரண்டு. சூட்டில் எல்லாம் வேகமாக ஆவியாகும், ரோஜா சீக்கிரம் தீரும், பச்சௌலி பெரிதாக வீசும். நெஞ்சுப் பகுதியில் சட்டைக்கு அடியில் அடித்தால் துணி கொஞ்சம் வடிகட்டி வெளியே விடும், கழுத்தில் அடித்தால் வியர்வையோடு சேர்ந்து நேராக அடுத்தவர் மூக்குக்குப் போகும். ஏசி அறையில் உட்கார்ந்தால் அடங்கிவிடும், சாப்பாட்டுக்கு வெளியே போகும்போது மறுபடி எழும், அப்போது தீர்ந்துவிட்டது என்று நினைத்து மேலும் அடித்துக்கொள்ளாதீர்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் நம் மூக்கு நம் மேலிருக்கும் வாசனைக்குப் பழகி அதைச் சொல்வதையே நிறுத்திவிடும், மற்றவர்களுக்கு அது அப்படியே இருக்கும். வீட்டில் யாரையாவது இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிக் கேளுங்கள், அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. கடைகளில் மூக்கைத் தெளியவைக்க என்று காப்பிக்கொட்டை வைத்திருப்பார்களே, சாதாரணக் காற்றைவிட அதில் பெரிய பலன் ஒன்றும் இல்லை, வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தால் போதும். தலையில் மல்லிகை வைத்திருக்கிற நாளில் இந்த வகை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மல்லிகையிலும் ஒரு கனமான அடித்தளம் உண்டு, அது பச்சௌலியோடு மோதி இரண்டுமே கெட்டுப்போகிறது.

அத்தர் வாங்கினால் ஆல்கஹால் இல்லை, அதனால் முதல் ஐந்து நிமிட ஆரவாரமும் இல்லை, பொட்டு வைக்கிற அளவு தொட்டுக்கொண்டால் போதும், மற்ற கணக்கெல்லாம் இதேதான்.

எடைபோடும்போது நல்லா இருக்கு, நல்லா இல்லை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வாசனைக்கு நம் மொழியில் இருக்கிற சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: எப்போது நெடி, எப்போது மணம், எங்கே வாடை, எந்த நேரத்தில் கமழ்கிறது. ரோஜா எந்த ரோஜா என்று எழுதுங்கள், பன்னீரா, ஜாமா, காம்பும் முள்ளுமாகப் பச்சையாக இருக்கிறதா, சோப்பா, காய்ந்த இதழா. பச்சௌலி மண்ணா, மரமா, சாக்லேட்டா, சலவை செய்ததா. மூன்று நான்கு சென்ட்டுக்கு இப்படி எழுதிவிட்டால் உங்களுக்கு எது பிடிக்கிறது என்று உங்களுக்கே துலக்கமாகத் தெரிந்துவிடும். சிலருக்குச் சில கனமான மஸ்க் (கஸ்தூரி வகை) மூலக்கூறுகள் மூக்கில் படவே படாது, அதனால் ஒரே சீசாவை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் யாரும் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

பயிற்சிக்கு மூன்று பெயர் சொல்கிறேன். லார்ட்டிசான் பர்ஃப்யூமர் கம்பெனிக்காக மிஷேல் அல்மைராக் 1993-இல் செய்த வோலர் டி ரோஸ் இந்த ஜோடியை அதிக அலங்காரமில்லாமல் காட்டும், ரோஜா, பச்சௌலி, நடுவில் ஒரு பிளம், பாடம் படிக்க இதைவிடத் தெளிவானது எனக்குத் தெரியாது. 2010-இல் டொமினிக் ரோபியோன் ஃபிரெடெரிக் மால் கம்பெனிக்குச் செய்த போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி இதற்கு நேர் எதிர். துருக்கி ரோஜா, தாராளமாகப் பச்சௌலி, சாம்பிராணி, கிராம்பு, ராஸ்பெரி, எல்லாமே பெரிய அளவு, ஒரு ஸ்ப்ரேயே அறையை நிரப்பும், விலையும் கூடுதல். ஆனால் மூன்றாவது மணி நேரத்தில் ரோஜா நிமிர்ந்து நிற்பது என்றால் என்னவென்று அதில்தான் முதலில் எனக்குப் புரிந்தது. மூன்றாவது, பெர்னார்ட் சாண்ட் செய்து 1971-இல் கிளினிக் என்ற கம்பெனி வெளியிட்ட அரோமாட்டிக்ஸ் எலிக்சிர். இதில் சாமந்தி இன மூலிகை ஒன்றின் கசப்பும் மரப்பாசியும் சேர்ந்துவரும். பாசியும் பச்சௌலியும் சேரும் இந்தப் பாணிக்கு ஷீப்ர் என்று பெயர், 1917-இல் கோட்டி என்ற பிரெஞ்சுக் கம்பெனி வெளியிட்ட சென்ட்டின் பெயரே அந்த வகைக்கு நின்றுவிட்டது. பாசி சிலர் தோலுக்கு ஒவ்வாமை தருகிறது என்று அதன் அளவைக் கட்டுப்படுத்திய பிறகு, புது ஷீப்ர்களில் அந்த இடத்தைப் பெரும்பாலும் பச்சௌலிதான் நிரப்புகிறது.

எதையும் முழு சீசாவாக வாங்காதீர்கள். 2 மில்லி, 5 மில்லி சாம்பிள் கிடைத்தால் அதை வாங்கி ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், ஒரு நாள் வெயிலில், ஒரு நாள் ஏசியில், முடிந்தால் ஒரு மழை நாளில். மழை நாளில் பச்சௌலி எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அதைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்றுகூடச் சொல்வேன். வாங்கியதைப் பாத்ரூமிலோ கார் டாஷ்போர்டிலோ வைக்காமல் பீரோவுக்குள் இருட்டில் வையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி. பழைய பருத்தித் துப்பட்டா அல்லது கைக்குட்டையின் ஓரத்தில் ஒரு ஸ்ப்ரே அடித்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். வெள்ளைத் துணியும் பட்டும் வேண்டாம், கறுத்த பச்சௌலி எண்ணெய் கறை விடும். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால், காப்பி குடிப்பதற்கு முன்னால், எடுத்து முகருங்கள். மடித்து வைத்த துணி வாசம் வரும், அது பச்சௌலி. அதற்குள்ளிருந்து காய்ந்த இதழ் மாதிரி லேசாக ஏதாவது எட்டிப் பார்த்தால், அந்தச் சென்ட்டின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.